ஒரு மடக்குத் தண்ணீர்

கண்ணு, முதலில் அந்த ஓசூர் முதியோர் இல்லத்துக்கு ஃபோன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கொண்டுவந்து சேர்க்கப் போவதில்லை என்று சொல்லிவிடு. சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி. நான் அவசரக்காரி என்று உனக்குத் தெரியும். ஆனால் இந்த ஒரு தடவை என் அவசரத்துக்கு நியாயம் இருக்கிறது. நம்முடைய இரண்டு மாடுகளையும் விலைக்குப் பார்க்க வந்த ஆளை நேற்றே திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் வாசலில் நின்றுகொண்டு, "என்னாங்க டீச்சரம்மா, நீங்கதான வரச் சொன்னீங்க?" என்று கேட்டார். ஆமாம், வரச் சொன்னதும் நான்தான், வேண்டாம் என்பதும் நான்தான் என்று சொல்லி ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன். உன் அப்பா எங்கேயும் போகப்போவதில்லை. அவருக்கு வந்திருப்பது நாம் நினைத்த மறதி நோய் இல்லை. டாக்டர் சொன்ன மாதிரி நிதானமாகச் சொல்வதென்றால், மறதி என்று நாம் நினைத்ததில் பெரும்பாலானது மறதி இல்லை. அந்த 'பெரும்பாலானது' என்ற சொல்லை எழுதக்கூட எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன்.

ஃபோனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். நீ பெங்களூர் நெரிசலில் வண்டி ஓட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாய். நான் நாலு வார்த்தை பேசுவதற்குள், "சரிம்மா, அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்பாய். நான் பதில் சொல்வேன். உன் ஆபீஸ் வந்துவிடும். மூன்று வருடமாக இப்படித்தான் நடக்கிறது. என் தப்பு முழுவதும் அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அதனால் என் பழைய அங்கன்வாடிப் பதிவேட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இந்தக் கையெழுத்து உனக்குப் புதிதில்லை. உன்னைத் தராசுத் தொட்டிலில் தொங்கவிட்டு மாதாமாதம் எடை எழுதியதும் இதே கைதான். ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுப் படி.

உன் அப்பாவைப் பற்றி நான் உனக்குச் சொன்னதையெல்லாம் நேற்று உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு பார்க்கவில்லை என்றேன். தோட்டத்து மோட்டாரைப் போட்டுவிட்டு வந்துவிட்டார், ராகிப் பாத்தியெல்லாம் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது என்றேன். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவியதை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் ஏறி, ராயக்கோட்டையில் போய் இறங்கி நின்றார் என்றேன். உன் சித்தப்பா மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார், "பையன் எங்க வேலை பாக்கறாருங்க?" என்று கேட்டதற்கு, "இந்த வருசம் மழையே இல்லீங்க" என்று பதில் சொன்னார். பந்தலே சிரித்தது. நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு நான் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதேன். இதெல்லாம் உண்மையில் நடந்ததுதான் கண்ணு. ஒன்றும் நான் இட்டுக்கட்டவில்லை. ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு காரணம் இருந்தது. அதை ஒருத்தரும் தேடவில்லை, நானும் தேடவில்லை.

டவுன் டாக்டரிடம் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ அன்றைக்கு வெளியில் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தாய். உள்ளே நாங்கள் இரண்டு பேர். டாக்டர் உன் அப்பாவைப் பார்த்து, "ராத்திரி தூக்கம் வருதுங்களா?" என்றார். வரலீங்க என்று நான் சொன்னேன். "இன்னிக்கு என்ன கிழமை?" என்றார். அவர் என் முகத்தைப் பார்த்தார். "எதையும் சொல்ல மாட்டேங்கறாருங்க சார்" என்று நான்தான் முந்திக்கொண்டேன். பசிக்கிறதா, வலிக்கிறதா, கோபம் வருகிறதா, எல்லாவற்றுக்கும் நான்தான் பதில். அவர் நடுவில் கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். டாக்டர் என் வாயைப் பார்த்து மாத்திரை எழுதினார், உன் அப்பா அதை விழுங்கினார். அந்த டாக்டரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் கொடுத்த சாட்சியத்துக்கு அவர் கொடுத்த தீர்ப்பு அது. அந்த மாத்திரையைப் போட்ட பிறகு உன் அப்பா பகலிலும் தூங்கி வழிந்தார். பார், நோய் முற்றுகிறது என்று அதையும் உனக்கு ஃபோனில் சொன்னேன்.

இதில் பெரிய வேடிக்கை, முப்பது வருடம் எனக்கு இதுதான் தொழில். அங்கன்வாடியில் குழந்தைகளை எடை போடுவேன், உயரம் அளப்பேன், சாப்பிடுகிறதா, வெளிக்குப் போகிறதா என்று அம்மாக்களைக் கேட்டு எழுதுவேன். குழந்தை வாய் திறந்து பேசாது, அதனால் அம்மா சொல்வாள். அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, எழுபத்திரண்டு வயது மனிதரைத் தராசில் தொங்கவிட்டுவிட்டேன். நம்ம பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வயசான ஆம்பளையை வெளி ஆள் கேள்வி கேட்டால், பொண்டாட்டி பதில் சொல்வது மரியாதை. அவர் தடுமாறுவதை நாலு பேர் பார்க்கக் கூடாது என்று முந்திக்கொள்வது பாசம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

ஆனால் அது பாசத்தோடு நிற்கவில்லை. இதை உன்னிடம் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் பேச்சு அவருடையது. மாட்டுத் தரகர், சந்தையில் பேசிப் பேசி வளர்ந்த தொண்டை. நிலத்தை உழுவதா தரிசாகப் போடுவதா, உன்னை எந்தக் காலேஜில் சேர்ப்பது, எல்லாம் அவர் சொல்வார், நான் தலையாட்டுவேன். அவர் வாயடைத்துப் போன பிறகு முதல் தடவையாக இந்த வீட்டில் என் பேச்சு எடுபட்டது. உறவுக்காரர்கள் என்னைக் கேட்டார்கள். நீ என்னைக் கேட்டாய். எனக்கு அது பிடித்திருந்தது கண்ணு. அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது, "உங்களுக்கு ஒண்ணும் புரியாது, சும்மா இருங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் ருசியாகவே இருந்தது. நீ உன் பெண்டாட்டியை நன்றாகப் பேச விடு. நாற்பது வருடம் வாயை மூடி வைத்திருந்தவளுக்குக் கடைசியில் பேச இடம் கிடைத்தால், அவள் என்னைப் போல அளவு தெரியாமல் பேசுவாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த இல்லத்துக்காரர்கள் நாலு பக்கத்தில் ஒரு படிவம் அனுப்பி, தகுதியுள்ள யாராவது வந்து பார்த்து நிரப்பித் தர வேண்டும் என்று கேட்டதாக நீ சொன்னாய் அல்லவா? தானாகக் குளிப்பாரா, தானாகச் சாப்பிடுவாரா, கக்கூசுக்குத் தனியாகப் போவாரா, புத்தி எப்படி, காது எப்படி, கண் எப்படி என்று வரிசையாகக் கட்டம் போட்ட படிவம். அதற்காகத் துணை சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸைக் கூப்பிட்டு வந்தேன். சுகந்தி என்று பெயர், முப்பத்தைந்து வயது இருக்கும், ஏரியூர்ப் பக்கத்துப் பெண். போன வருடம்தான் நம் ஊருக்கு மாற்றலாகி வந்தாள். கால் மணி நேரத்தில் எழுதிவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்து அடுப்பில் பருப்பை வேறு போட்டுவிட்டு வந்தேன்.

அவள் அப்பாவுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஐயா, காலைல என்ன சாப்ட்டீங்க?" என்றாள். களியும் கீரையும் என்று நான் சொன்னேன். "நீங்களே குளிச்சுக்கறீங்களா?" என்றாள். தண்ணீர் விளாவி வைத்தால் குளிப்பார் என்றேன். மூன்றாவது கேள்வியில் அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"டீச்சரம்மா, கொஞ்ச நேரம் வெளில இருக்கறீங்களா?"

"எதுக்கும்மா? அவருக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது. நான் இல்லைன்னா நீ வெறுங்கையோட போவே."

"அப்ப ஒண்ணு செய்ங்க. இங்கியே உக்காருங்க. ஆனா வாயில ஒரு மடக்குத் தண்ணி வெச்சுக்கோங்க. நான் சொல்ற வரைக்கும் முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் எத்தனை குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தவள், எனக்கே மருந்தா என்று நினைத்தேன். ஆனால் அவள் சொம்பை எடுத்து நீட்டிவிட்டாள். அறுபத்தெட்டு வயதில் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். நீ பார்த்திருந்தால் அந்தப் படத்தை உன் ஆபீஸ் முழுக்கக் காட்டியிருப்பாய்.

அப்புறம் நடந்ததை நான் வரி தப்பாமல் சொல்கிறேன். அவள் எழுந்து அப்பாவின் முதுகுப் பக்கம் போய் நின்று, "ஐயா, மாடு கயித்த அறுத்துக்கிட்டு ஓடுது" என்று சாதாரணமாகச் சொன்னாள். மாட்டுக்காரர், மாடு ஓடுகிறது என்றால் சோற்றுக் கையோடு எழுந்து ஓடுகிறவர், அப்படியே உட்கார்ந்திருந்தார். முன்னால் வந்து அதையே சொன்னாள். திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார். பிறகு முந்தானையால் தன் வாயை மூடிக்கொண்டு, "உங்க பேரு என்னங்க?" என்றாள். "ஆமாம்மா, ஆச்சும்மா" என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் இருக்கிறதே, மூன்று வருடமாக நாம் பார்த்துக்கொண்டிருக்கிற தலையாட்டல். அவர் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறார். முகம் தெரியாத இடத்தில் குத்துமதிப்பாகத் தலையாட்டிச் சமாளித்திருக்கிறார். பால் பொங்குகிற சத்தம், மோட்டார் ஓடுகிற சத்தம், கண்டக்டர் கூவுகிற ஊர்ப் பெயர், இவற்றுக்கெல்லாம் ஏது வாய்? நான் எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. வாயில் தண்ணீர்.

அவள் அத்தோடு விடவில்லை. என் மூக்குக் கண்ணாடி, ஒரு சொம்பு, ஒரு துண்டுக் கயிறு மூன்றையும் அவர் முன்னால் காட்டி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். படிவத்தில் அடுத்து ஒரு கணக்குக் கேள்வி, ஒரு எண்ணிலிருந்து இன்னொரு எண்ணைக் கழித்துச் சொல்ல வேண்டும். காதே கேட்காதவரிடம் வாயசைவை மட்டும் நம்பிக் கணக்கை எப்படிக் கேட்பது? கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவர் தோளில் கிடந்த துண்டை உருவி, தன் வலது கைமேல் போட்டுக்கொண்டு கையை நீட்டினாள். கண்ணு, உன் அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் அப்பாவும் மாட்டுத் தரகராம், எனக்கு அப்புறம்தான் தெரியும். சந்தையில் விற்கிறவனும் வாங்குகிறவனும் சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியாமல் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே பேரம் பேசுவார்களே, ஒரு சத்தம் வராதே, அதுதான். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து துண்டுக்குள் கையை விட்டார். அவள் விரலால் ஒரு எண் சொன்னாள், பிறகு இன்னொன்று. இடையில் எவ்வளவு என்று இவர் விரலால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னார். இன்னொரு கணக்கு, சொன்னார். நாலாவது தடவை இவர் சொன்ன விடை தப்பு என்று அவள் தலையை ஆட்டினாள். "நீதாம்மா தப்பு. மறுக்காப் புடி" என்றார். அவள் மறுபடி விரலை எண்ணிப் பார்த்து, "ஆமாங்க ஐயா, நான்தான் தப்பு" என்று சிரித்துவிட்டாள்.

கடைசியில் விரலைக் காட்டி, முந்தானைக்குள் என்ன இருக்கிறது என்று கையாலேயே கேட்டாள். "கயிறு, சொம்பு, கண்ணாடி" என்றார். அத்தோடு நிற்காமல், "கண்ணாடில ஒரு காலு ஒடஞ்சு நூல் சுத்தியிருக்குது. என்னுது இல்ல, அவளுது" என்று என் பக்கம் கையைக் காட்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, வாயிலிருந்த தண்ணீர் படிவத்தின் இரண்டாம் பக்கம் முழுக்கத் தெறித்தது. ஆக, உன் இல்லத்துக்காரர்கள் கேட்ட படிவம் நனைந்து வீணாகிவிட்டது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

"நான் டாக்டர் இல்லீங்க டீச்சரம்மா" என்றாள் சுகந்தி. "ஆனா காதப் பாக்காம, கண்ணப் பாக்காம, என்னென்ன மாத்திரை போடறாருன்னு பாக்காம, மறதின்னு மட்டும் நான் எழுத மாட்டேன்." எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போடச் சொன்னாள். அடுத்த நாள் காலை தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் அப்பாவும் பஸ்ஸில் போனோம். உன்னிடம் சொல்லவில்லை, ஒருவேளை ஒன்றும் இல்லாமல் போய்விட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயம். காதில் இருந்து எடுத்த குரும்பியைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. அது போன பிறகும் இரண்டு காதும் குறைவுதான், வலது காது ரொம்ப மோசம், இடது பரவாயில்லை என்று கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்துச் சொன்னார்கள். தூங்க வைக்கிற மாத்திரையை டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். வயசுக்கு ஏற்ற மறதி இருக்கலாம், காது கேட்கிற மிஷின் மாட்டிப் பழகினதும் மறுபடி கூட்டி வாங்க, அப்போது புத்தியைச் சோதிப்போம், இப்போதே ஒன்றும் முடிவு கட்டாதீங்க என்றார். அவர் கேள்வியையெல்லாம் அப்பாவுக்கு எழுதிக் காட்டித்தான் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியமாக.

போன வாரம் காது மிஷின் வந்தது. மாட்டிவிட்டதும் அவர் ஒரு நிமிடம் தலையைப் பிடித்துக்கொண்டார். பாத்திரம் உருள்கிற சத்தம், ஃபேன் சத்தம் எல்லாம் மொத்தமாக உள்ளே போனால் என்ன செய்வார் பாவம். நான் பதறிப்போய், "என்னாங்க, கேக்குதா?" என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "எதுக்குப் புள்ள இப்புடிக் கத்தறே? ஊரே கேக்குது" என்றார். மூன்று வருடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் நடந்த முதல் ஒழுங்கான பேச்சு அதுதான். நான் மெதுவாகப் பேச மறந்தே போயிருந்தேன். அன்று சாயங்காலம் கொட்டகையில் போய் உட்கார்ந்து, மாடு அசைபோடுகிற சத்தத்தை அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் அதிகமானால் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். சண்டை போட்டு மாட்ட வைக்கிறேன். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடாது, பழக வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

முந்தாநாள் சுகந்தி புதுப் படிவத்தோடு வந்தாள். இந்தத் தடவை இரண்டு படிவம். இன்னொன்று யாருக்கு என்றேன். "வூட்ல ரெண்டு பேரு இருக்கறீங்க இல்லீங்களா" என்றாள். எனக்கு ஒன்றும் இல்லை, நான் கல்லு மாதிரி இருக்கிறேன் என்று சொன்னேன். அப்பாவுடையதை முடித்துவிட்டு என்னை உட்கார வைத்தாள். ரத்த அழுத்தம் பார்த்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தாள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள். இரண்டாவது தடவையே முடியவில்லை. "இந்த வருசத்துல எங்கியாவது விழுந்தீங்களா?" என்றாள்.

"இல்லம்மா. நான் எங்க விழுந்தேன்?"

"மூணு தடவ விழுந்தா" என்றார் உன் அப்பா.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். அவர் நிதானமாகச் சொன்னார். "பாத்ரூம்ல ஒருக்கா. கொட்டாய்ல சாணி வழுக்கி ஒருக்கா. தண்ணித் தொட்டிகிட்ட ஒருக்கா. அன்னிக்கு முழங்கை வீங்கிப்போச்சு. வெந்நி ஒத்தடம் குடுத்துக்கிட்டா. எங்கிட்டயும் சொல்லல, பையங்கிட்டயும் சொல்லல." காதில் விழாதவர் கண்ணால் எல்லாவற்றையும் எண்ணி வைத்திருக்கிறார். நான் அவருக்காகப் பொய்யான பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எனக்காக ஒரே ஒரு பதில் சொன்னார், அது உண்மை. சுகந்தி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு இன்னொரு மடக்குத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டால்தான் தகும்.

எங்களுக்கு என்ன தேவை என்று அவள் எழுதியிருப்பது உனக்குத் தனியாகப் படமாக வரும். பெரிதாக ஒன்றும் இல்லை. பாத்ரூமில் இரண்டு பிடிகம்பி, வழுக்காத தரை, நாற்காலி மாதிரி உட்கார்ந்து எழுந்திருக்கிற கக்கூஸ். எனக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, காலுக்குப் பயிற்சி, புதுக் கண்ணாடி. அப்பாவுக்குப் பேட்டரி. சாணி அள்ள ஒரு ஆள். மாட்டை விற்கச் சொல்லி அவள் எழுதவில்லை. மாட்டைப் பார்க்க அவர் தினமும் எழுந்து நடப்பதால்தான் அவர் கால் என் காலைவிட நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள்.

இனிதான் நான் இந்தக் கடிதத்தை எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அது. படிவத்தில் கடைசிக் கேள்வி, மனதில் ஏதாவது கவலை உண்டா என்பது. சுகந்தி அப்பாவின் இடது பக்கம் நாற்காலியைப் போட்டு, அவர் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். அவருக்கென்ன கவலை என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நானே எழுந்துபோய்ச் சொம்பைத் தூக்கி ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டேன். அவர் ரொம்ப நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"எம் பையனுக்கு எம்மேல கோவம்மா" என்றார். "மூணு வருசத்துக்கு முன்ன, நான் சந்தைல விழுந்து கை ஒடஞ்சப்ப, இனி வண்டியே ஓட்டக் கூடாதுன்னு என் மொபெட்ட எடுத்துக்கிட்டுப் போயிட்டான். எம் மூஞ்சில முழிக்காதடான்னு வாய் தவறிச் சொல்லிப்புட்டேன். அதுலேருந்து அவன் எங்கிட்டப் பேசறதே இல்ல, நேர்ல வந்தாலும் அவளத்தான் கேக்கறான். வாரா வாரம் ஃபோன் வருது. அவ எங்காதுல வெப்பா. அந்தப் பக்கம் ஒண்ணுமே வராது. சும்மாவே இருப்பான். சரி, கோவம் தீரலைன்னு ஃபோன அவகிட்டயே குடுத்துருவேன்."

கண்ணு, நீ அந்தப் பக்கம் எத்தனை தடவை "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டிருப்பாய். எனக்குக் கேட்டது. அவர் பேசாமல் ஃபோனைத் திருப்பிக் கொடுத்ததும், "அப்பாவுக்கு நீ யாருன்னே தெரியலடா" என்று உன்னிடம் சொன்னது நான். நீ அந்தப் பக்கம் அழுதாய். அவர் இந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அவர் வலது காதில்தான் எப்போதும் ஃபோனை வைத்தேன். கேட்காத காதில். என்னை மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவரிடமும் சொன்னேன். "விடு புள்ள, உனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

நீ பேசியதை, அழுததை எல்லாம் நானே அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுபடியும் நான் பதில் சொல்கிற வேலை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீ வருவதாகச் சொன்ன நேரத்துக்கே வா. கார் வரட்டும், பெட்டி கட்ட வேண்டியதில்லை. மிஷினை மாட்டிக்கொண்டு அவர் கொட்டகையில் இருப்பார், இடது பக்கம் போய் உட்கார். முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசு, கத்தாதே. அப்பா எப்படி இருக்காரு என்று என்னைக் கேட்காமல், எப்படிப்பா இருக்கீங்க என்று அவரைக் கேள். பதில் வர நேரமாகும், காத்திரு. நான் வாயில் ஒரு மடக்குத் தண்ணீரோடு வாசல்படியில் உட்கார்ந்திருப்பேன்.